கழிக்காமல் விட்ட ஒன்பது மாதம்

மச்சி,

அடையாறு ஜெராக்ஸ் கடையில் தாள் சூடாக வந்து விழுந்தது. அந்த மை வாடை மூக்கில் ஏறியதும், தண்டனை சொன்ன நாளில் நாம் நின்ற கோர்ட் வராந்தா கண்முன் வந்துவிட்டது. நான் நகல் எடுத்தது உன் விடுதலை உத்தரவைத்தான். உன் அம்மா கேட்டாள்.

குப்பத்துக் கரையில் படகு ஏற்றிவைக்கும் இடத்துக்காக நடந்த அடிதடி. ஒரே போலீஸ் ஜீப்பில் ஏறினோம். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் ஒன்பது மாதம் உள்ளே கிடந்தோம். பிறகுதான் தீர்ப்பு, ஆளுக்கு நான்கு வருடம். தீர்ப்புக்கு முன் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும். என் தீர்ப்புத் தாளில் அதை எழுதிய கிளார்க், உன் தாளில் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நகலைக் கையில் வாங்கியதும் நீதான் கவனித்தாய்.

"இன்னாடா, எனுக்கு மட்டும் ஒண்ணும் எழுதாம கீது? உள்ள போயி கேக்கட்டா?"

நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கம்முனு இரு மச்சி. ஜட்ஜ் ஐயா கடுப்பாயிட்டா இன்னும் ரெண்டு வருசம் ஏத்திடுவாரு. ஜெயில்ல பாத்துக்கலாம்."

ஜெயிலில் எவன் பார்த்தான்? தாளில் இருந்தால்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மாதம் கழிந்து உனக்கு முன்னாலேயே நான் வெளியே வந்த காலையில், "போடா, நான் வரசொல்லோ வஞ்சிரம் வறுத்து வை" என்று சிரித்தாய். நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

உள்ளிருந்தபடியே நீ ஹைகோர்ட்டுக்கு மனு எழுதினாய். வெளியே நான் பழைய ரிமாண்ட் நகல்களுக்கு நாயாய் அலைந்தேன். வாய்தா மேல் வாய்தா. நான் வெளியே வந்த ஆறாவது மாதம் நெஞ்சுவலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள், துணி சுற்றித்தான் திருப்பித் தந்தார்கள். காரியம் முடிந்த மறுவாரம் உத்தரவு வந்தது. ஒன்பது மாதத்தையும் கழித்து உடனே விடுவிக்க வேண்டுமாம். யாரை?

உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ எம்புள்ள செத்த அன்னிக்கி அவன் கைதியே இல்லியா நைனா?"

"இல்லம்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு உள்ள கெடந்தான்?"

நீ கேட்கப் போனதையும் நான் இழுத்துப் பிடித்ததையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த நகலைக் கண்ணாடி போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறாளாம். ஆணி அடிக்க என்னைத்தான் வரச்சொல்லியிருக்கிறாள்.