கத்தாமல் நின்ற ஆடு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் பாப்பாவும் அக்காவும் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். பதில் வேண்டும். உன்னோடு தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்ணின் தம்பி நாளை அங்கே கிளம்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீதான் போனை எடுப்பதில்லையே.

பாப்பா புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டாள். முதலில் துப்பித் துப்பி அக்காவின் புடவையெல்லாம் நாசம். இப்போது புட்டியைப் பிடுங்கினால் என் மூக்கைக் கடிக்கிறாள். முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, உனக்கு இருப்பது போலவே நடுவில் இடைவெளி.

குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்துவிட்டேன். மேட்டுக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்காத தூரத்தில் அடைத்திருக்கிறேன். குட்டியின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் தாய்க்குப் பால் வற்றாது, உனக்குத் தெரியாததா? தாய்களுக்குத் தவிடும் பிண்ணாக்கும் நிறுத்தி, வெறும் காய்ந்த புல்தான் போடுகிறேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா இப்படிப் பட்டினி போடுற, நீயெல்லாம் மனுஷனா?" என்று பிடித்துக்கொண்டாள். பால் வற்றும்வரைதான், கிடாவோடு விடுவதற்கு முன்னால் நன்றாகத் தீனி போட்டு உடம்பைத் தேற்றிவிடுவேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கும் இதே கணக்கைத்தான் போட்டேன். அங்கே போன புதிதில், பாப்பா அழுவது போனில் கேட்டதும் ரவிக்கை நனைந்துவிட்டது, மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று சொன்னாய். அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் அவளை அக்காவிடம் கொடுத்து வெளியே அனுப்பினேன். தூங்குகிறாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "நான் என்ன உங்க பட்டியில அடைச்ச ஆடா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். அதன்பிறகு, 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரிச் செய்தி மட்டும்தான். கோபம் ஆறட்டும், அதற்குள் பாலும் வற்றிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இன்று நான் எழுத உட்கார்ந்தது நம் ஒத்தைக்காது ஆட்டால். நம் பட்டியிலேயே பெரிய வாயாடி அவள்தானே? மற்ற ஆடுகளெல்லாம் குட்டியைத் தேடித் தொண்டை கட்டும்வரை கத்தின. இவள் மறுநாளே அடங்கிவிட்டாள். பார், எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாள் என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். கத்துகிற ஆடுகளைத்தான் தினமும் பிடித்து மடியைத் தொட்டுப் பார்த்தேன். இவளை விட்டுவிட்டேன். இன்று காலையில் பின்காலை இழுத்துக்கொண்டு மூலையில் நின்றாள். மடியின் ஒரு பக்கம் கொதிக்கிறது, கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. காம்பில் சீழ் வருகிறது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். சத்தமே போடவில்லையே ஐயா, மறந்துவிட்டது என்று நினைத்தேனே என்றேன். "எங்கப்பா மறந்துது? கத்தறதுக்குத் தெம்பில்லாம நின்னிருக்கு" என்றார். பிழைக்குமா என்றதற்கு, நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்.

அவர் போனபிறகு உன் செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் அதே ஒரு வரி. எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா? மார்பில் எங்காவது சிவந்து வீங்கியிருக்கிறதா? வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருக்கிறாயா? விடுப்பு தரமாட்டார்கள் என்று தள்ளிப்போடாதே. இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போ, விடுதியில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள். அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு. யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி நீ கூப்பிட்டால் பாப்பா என் தோளில்தான் இருப்பாள். அவள் அழுதால் நீயும் சேர்ந்து அழு. என்னை வாய் வலிக்கத் திட்டு. நல்லா இருக்கேன் என்று மட்டும் எழுதாதே, கண்ணு.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் ஆட்டுக்காரன்