உப்பு அண்டாவை எழுதியவள்

திண்டுக்கல்
15 ஜூன் 2025

அன்புள்ள பானு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீ நலமா என்று கேட்டால் "உயிரோட இருக்கேன்டி" என்பாய். அதனால் கேட்கவில்லை.

உன் கம்பெனியின் 'மேஸ்திரி' மென்பொருளுக்கான கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் இன்று அனுப்பிவிட்டேன். ஏஐ ஏஜென்ட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மென்பொருள், அதற்குக் கையேடு எழுது என்று நீ கேட்டபோது, பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சருக்கு இது வேண்டாத வேலை என்றுதான் பயந்தேன். ஒரு வேலையை எடுக்கும் ஏஜென்ட் முதலில் தன் பெயரை ஏன் பதிய வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை அந்தோணியார் திருவிழா விருந்தில்தான் விளங்கியது. டோனி சித்தப்பா பிரியாணி அண்டாவில் உப்பைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெற்றிலை வாங்கப் போய்விட்டார். ரொனால்டு அண்ணன் வந்து தன் பங்குக்கு ஒரு தடவை போட்டார். "ஏலே, இது பிரியாணியா, கருவாடா?" என்று ஊரே கேட்டது. அன்றைக்கே மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிட்டேன், அண்டாவையும் டோனியையும் சேர்த்து.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பள்ளி வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் உட்கார்ந்தேன். இனி இந்தத் துறையில் வேலை தேட என் கையில் இருப்பது இந்தக் கையேடுதான். மறக்காமல் கீழே என் பெயரைப் போட்டுவிடு.

உன்
ஜோஸ்பின்

பெங்களூரு
18 ஜூன் 2025

அடி ஜோசு,

உப்பு அண்டாவைப் படித்துவிட்டு ஆபீஸே சிரிக்கிறது. யார் அந்த டோனி என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தாடிக்கொம்பில் எங்கள் மல்லிகைத் தோட்டத்திலும் இதே கூத்துதான். நீ மருந்தடித்தாயா, நான் அடித்தேனா என்று தெரியாமல் அப்பாவும் மாமாவும் ஒரே பாத்திக்கு அடித்துச் செடியைக் கருக்கினார்கள்.

காலேஜில் என் இங்கிலீஷ் பேப்பரைக் கரை சேர்த்தவள் நீ. இப்போது என் கம்பெனியையும் கரை சேர்த்திருக்கிறாய். உன் பெயரைப் போடாமல் இருப்பேனா? இதையெல்லாம் கேட்க வேண்டுமாடி? அம்மாவிடம் சொல், மீன் குழம்புக்கு வாரேன் என்று.

உன் பானு

திண்டுக்கல்
2 ஆகஸ்ட் 2025

பானு,

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று கோயம்புத்தூரில் இன்டர்வியூ. நம் கையேட்டை நான்தான் எழுதினேன் என்றேன். கேள்வி கேட்டவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். உன் கம்பெனியின் அறிவிப்பு. "இந்தக் கையேடு முழுவதையும் மேஸ்திரியில் வேலை செய்யும் ஏஜென்ட்களே எழுதின. மனிதக் கை படவில்லை." உப்பு அண்டாவை ஒரு மெஷின் எப்படி யோசித்தது என்று கீழே அத்தனை பேர் வியந்திருக்கிறார்கள்.

"அடுத்தவங்க எழுதுனத நான் எழுதுனேன்னு சொல்றவங்க உண்டு மேடம். மெஷின் எழுதுனதத் தன்னுதுன்னு சொல்லிட்டு வர்றவங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அவர். பஸ் பழனி வரும்வரை அழுதேன். வீட்டில் அம்மா, "அம்புட்டு நாளும் ராப்பகலா தட்டுனியே, அது உன்னுது இல்லையாமா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லி ஒரு வரி போடு. வரும் வெள்ளிக்குள் காட்டினால் மறுபடி பார்ப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஜோஸ்பின்

பெங்களூரு
4 ஆகஸ்ட் 2025

ஜோசு,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அந்த வரியை எடுக்கச் சொல்லாதே. அதைப் பார்த்துத்தான் முதலீட்டாளர்கள் எங்களைத் திரும்பியே பார்த்தார்கள். இப்போது மாற்றினால் பொய்யர்கள் என்பார்கள். என்னை நம்பி இங்கே முப்பது குடும்பம் இருக்கிறது. முழுப் பொய்யும் இல்லை, எழுத்துப் பிழைகளை ஏஜென்ட்கள்தான் திருத்தின. உன் கையில் எழுத்து இருக்கிறது, இன்னொன்று எழுதுவாய். நான் இன்னொரு கம்பெனி ஆரம்பிக்க முடியாதுடி. கொஞ்சம் பொறு.

பானு

திண்டுக்கல்
6 ஆகஸ்ட் 2025

பானு,

முப்பது குடும்பத்தில் என் குடும்பம் இல்லை, சரி. ஊரறிய ஒன்றும் போட வேண்டாம். அந்த ஒரு மனிதருக்கு மட்டும் இரண்டு வரி எழுது. ஜோஸ்பின்தான் எழுதினாள், பொய் சொல்லவில்லை என்று. அவர் யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

ஜோஸ்பின்

பெங்களூரு
9 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய ஜோஸ்பின் அவர்களுக்கு,

தங்கள் மனவேதனையை நான் முழுமையாக உணர்கிறேன். நமது நட்பு எனக்கு மிகவும் மதிப்புமிக்கது. தங்கள் கோரிக்கை மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்பட்டது. எனினும், தற்போதைய சூழலில் அதை நிறைவேற்ற இயலாமைக்கு வருந்துகிறேன். தங்கள் அன்னையாரின் உடல்நலம் எவ்வாறு உள்ளது? தங்கள் எதிர்கால முயற்சிகள் யாவும் சிறக்க வாழ்த்துகள்.

அன்புடன்,
பானுப்ரியா

திண்டுக்கல்
10 ஆகஸ்ட் 2025

பானு,

கடிதம் வந்தது. தேடினாலும் ஒரு 'டி' இல்லை. முடியாது என்று சொல்லும்போதுகூட ஜோசு என்று கூப்பிடுகிறவள் நீ. அதனால்தான் சந்தேகம் வந்தது.

கையேடு எழுதுவதற்காக நீ கொடுத்த பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது. மேஸ்திரிக்குள் போய் வேலைப் பட்டியலைப் பார்த்தேன். "ஜோஸ்பினுக்குப் பதில். மென்மையாக மறுக்கவும். அம்மாவை விசாரிக்கவும்." கொடுத்தவர் பானுப்ரியா. எடுத்தது ஏஜென்ட். நிலை: முடிந்தது.

முடியாது போடி என்று நீயே எழுதியிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு, தீபாவளிக்கு நீ ஊருக்கு வரும்போது பேசியிருப்பேன். உனக்கு எத்தனை நாள் சோறு போட்டாள் என் அம்மா? அவளை விசாரிக்கக்கூட ஆள் வைத்தாயா?

வெள்ளிக்கிழமை போய்விட்டது, கோயம்புத்தூர் வேலையும் போய்விட்டது. நாளை பழைய பள்ளிக்கூடத்தில் போய் நிற்கப் போகிறேன்.

மேஸ்திரியில் முடிந்த வேலை சரியில்லை என்றால், காரணம் எழுதி அதை மறுபடி திறக்கலாம். எப்படித் திறப்பது என்ற பக்கத்தை எழுதியவளே நான்தான். காரணத்தைக்கூட எழுதிப் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன். முடிந்தது என்றே இருக்கட்டும்.

ஜோஸ்பின்