பின்கதவுச் சாவி

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் "ம்", "சரிப்பா" தவிர நான் எதுவும் பேசுவதில்லை என்று கோபப்பட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தீயணைப்பு வண்டியிலிருந்து இறக்கிப் பயிற்சிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி என்று போய், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். "டிகிரி படிச்ச பொண்ணு, நாலு வார்த்தை பேச மாட்டியா?" என்றார் பெரிய அதிகாரி. நம் வீட்டில் முதல் டிகிரி இது என்பதும், அதில் பேச்சு சேர்ந்து வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் ஃபைல் அறை. அங்கிருந்து யாரும் வெளியே வந்ததில்லை.

முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். வணக்கம் சொல்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தேன். "மேடத்துக்கு ஒரு தண்ணி வண்டி கொண்டாங்கப்பா" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூட வந்தவர் மைக்கை வாங்கிக் காப்பாற்றினார். துறையில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். கதை, பாட்டு, மிமிக்ரி எல்லாம் வரும். கைதட்டல் ஓயவே இல்லை.

அங்கே மறந்து வைத்துவிட்ட தீயணைப்பு சிலிண்டரை எடுக்க மறுவாரம் போனேன். பட்டாசு அண்ணனின் ஜோக்குகளை எல்லோரும் ஒப்பித்தார்கள். சிலிண்டரை எப்படித் திறப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

உங்கள் தையல் ஃபேக்டரியில் பின்கதவு இருக்கிறதா? எந்தப் பக்கம் திறக்கும்?

உங்கள் மகள்

*

மார்ச் 11

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் லெட்டரை வாட்ச்மேன் ரூம்ல உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். போன்ல உன்கிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணு. பேப்பர்ல மட்டும் எங்கேருந்தும்மா இவ்வளவு வாய்?

அந்தப் பட்டாசுகிட்ட நாலு ஜோக் கத்துக்கோ. ஃபைல் ரூம்ல உக்காரவா அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சே?

பின்கதவு இருக்கு. கட்டிங் செக்‌ஷனைத் தாண்டி. பூட்டிதான் இருக்கும். துணி திருட்டுப் போகுதுன்னு முதலாளி பூட்டச் சொல்லிட்டார். சாவி என் இடுப்புல. "உங்களைத் தவிர யாரையும் நம்ப மாட்டேன் பெரியவரே"ன்னு அவர் சொல்லும்போது கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்த முழங்காலோட என்னை இன்னும் வேலைக்கு வச்சிருக்கறதே அந்தச் சாவிக்காகத்தான். ஏதாவது ஒண்ணுன்னா ஓடிப்போய்த் திறந்துட மாட்டேனா?

அப்பா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜோக் சொல்லிப் பார்த்தேன். பாதியில் மறந்துவிட்டது. அதற்குத்தான் சிரித்தார்கள்.

போன வாரம் ஒரு துணிக்கடையில் மறுபடியும் பேச்சு வரவில்லை. சும்மா நிற்கவும் முடியாமல், விளக்குகளை அணைக்கச் சொன்னேன். "கண்ணை மூடிக்கங்க. ஒரு கை சுவத்துல வைங்க. வெளியே போங்க." அவ்வளவுதான் பேசினேன். அத்தனை பேரும் தினமும் உள்ளே வருகிற வாசலுக்கே போய் இடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு வழி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுபடி மறுபடி நடக்க வைத்தேன். கடைசியில் கல்லாவில் உட்காரும் அம்மா, சுவரைத் தடவிக்கொண்டே அந்த வழியாக வெளியே போய் வெயிலில் நின்றார். "இதென்ன, கண்ணாமூச்சியா?" என்று கேலி செய்த பட்டாசு அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனார்.

அப்பா, அடுத்த மாதம் உங்கள் ஃபேக்டரிக்கு என்னை அனுப்புகிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. பெரிய அதிகாரியும் வருகிறார். என்னை வைத்துக்கொள்வதா என்பதை அன்று முடிவு செய்வார். கதவு பூட்டியிருந்தால் நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும். முதலாளியிடம் பேசிப் பூட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஓடிப்போய்த் திறப்பதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் முன்கேட்டில் இருப்பீர்கள். புகை நடுவில் இருக்கும்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 14

அன்பு மகளுக்கு,

முதலாளிகிட்ட சொன்னேன். சிரிச்சார். "உங்க பொண்ணுதானே வருது? அன்னிக்கு ஒரு நாள் திறந்து வச்சிடுங்க. மறுநாள் பூட்டிக்கலாம்"னார். உனக்கும் நல்ல பேர், என் வேலைக்கும் பங்கம் இல்லை.

தைக்கிற பொண்ணுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், என் பொண்ணு யூனிஃபார்ம்ல வர்றான்னு. "உங்க பொண்ணா தாத்தா? உங்களை மாதிரியே வாயாடியா?"ன்னு கேக்குறாளுங்க. நல்லா இஸ்திரி போட்டுக்கிட்டு வா. கதவைப் பத்திப் பேசி என் மானத்தை வாங்கிடாதே.

அப்பா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு நாள் மட்டும் திறந்து வைக்க வேண்டாம். அது பூட்டியிருப்பதைவிட மோசம். நான் அவர்கள் கண்ணை மூடச் செய்து அந்தக் கதவுக்குப் பழக்குவேன். அது திறக்கும் என்று நம்புவார்கள். பிறகு ஒரு நாள் புகையில், என் பேச்சைக் கேட்டு அங்கே போய் நிற்பார்கள்.

என்றைக்கும் திறந்திருக்கட்டும். இல்லையென்றால் பூட்டியே இருக்கட்டும்.

'வேலை போனாலும் என் சம்பளம் இருக்கிறதே' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அது உங்களுக்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்

*

மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

விளக்குகளை அணைத்ததும் எல்லோரும் நன்றாகவே நடந்தார்கள். முன்னால் போன பெண் கதவைத் தள்ளிவிட்டு, "பூட்டியிருக்கு மேடம்" என்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவராக வந்து நெருக்கினார்கள். "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் முன்கேட்டிலிருந்து மெஷின்களுக்கு நடுவே காலை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. வழிவிட அவர்களுக்கு இடம் இல்லை. பூட்டருகே வந்த பிறகும் சாவி துளைக்குள் போகவில்லை.

அத்தனை நேரமும் நான் பேசவில்லை. பட்டாசு அண்ணன் என்றால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து உங்களைக் காப்பாற்றியிருப்பார். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர்களுக்கு நினைவில் நிற்க வேண்டியது அந்த நேரம்தான். கூட்டத்தில் ஒரு பெண் விளையாட்டாக இருமினாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் மறுபடி இருமவில்லை.

அறிக்கையை எழுதியது நான்தான். அதில் பூட்டு இருக்கிறது. நீங்கள் இல்லை. "நீ பேசவே இல்லையேம்மா" என்றார் பெரிய அதிகாரி. கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா ஒருத்தரும் மணி பார்க்கல" என்றார். என்னை இந்தப் பிரிவிலேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மகள்

*

ஜூன் 10

அன்பு மகளுக்கு,

உன் அக்கா வீட்லேருந்து எழுதுறேன். பின்கதவுல இப்ப பூட்டு இல்லை. தள்ளினா திறக்கற மாதிரி கம்பி போட்டுட்டாங்க. வெளியே கேமரா. சாவிக்கொத்தை வாங்கிக்கிட்டு என்னையும் அனுப்பிட்டாங்க. இன்னும் கை இடுப்புக்குத்தான் போகுது.

கோபம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் இத்தனை நாள்.

நீ வந்த அன்னிக்குக் காலையில முதலாளி போன் பண்ணி, "பெரியவரே, திறந்துட்டீங்களா?"ன்னார். போனேன். சாவியைப் பூட்டுல விட்டேன். சட்டுன்னு உள்ளே போச்சு. உன் லெட்டர் சட்டைப்பையில இருந்துச்சு. திருப்பாம சாவியை உருவிக்கிட்டு வந்துட்டேன். "திறந்துட்டேன்"னு சொன்னேன். அவர்கிட்ட நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான்.

காலையில சட்டுன்னு போன அதே சாவிதான், நீ கேட்டப்ப போகல. துளை எங்கேன்னு தெரியாம பூட்டு மேலயே குத்திக்கிட்டு நின்னேன். ஓடிப்போய்த் திறந்துடுவேன்னு எழுதினேன் பாரு உனக்கு.

சாவி யார்கிட்டன்னு நீ கேட்டதும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. நீ மட்டும் கடைசி வரைக்கும் பூட்டையே பார்த்துக்கிட்டு நின்னே.

அப்பா