கல்லடிப் பாலத்தில் திறந்த தண்ணீர்ப் போத்தல்

என் கனகு மச்சானுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் மீன் கூவி விற்க விடுகிறார்களா? விடாவிட்டாலும் நீ கூவியிருப்பாய், அது எனக்குத் தெரியும். இங்கே களுவாஞ்சிக்குடியில் இப்போது வாவி மீன் கொண்டுவருகிறவன் கூவுவதில்லை, போனில் அழைக்கிறான். "அன்ரி, செப்பலி இரிக்கி, எடுக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்கிறான். மீனில் குறையில்லை. ஆனாலும் உன் தங்கச்சி யோகம் சட்டியை அடுப்பில் ஏற்றும்போதெல்லாம், "அண்ணன்ட மீன் வாசல் படலைக்கு வர முன்னமே ஊருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது. அதே புரோஸ்டேட், அதே புற்றுநோய். இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தது, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். சின்னது, மெல்ல வளர்கிற வகை, வெளியே பரவவில்லை என்றார் டொக்டர். உன்னைப் பார்த்த அதே டொக்டர்தான்.

மூன்று வழி இருக்கிறதாம். ஒப்பரேசன் செய்து எடுத்துவிடலாம். மெசினில் கதிர் பாய்ச்சிக் கரண்ட் பிடிக்கலாம். இல்லையென்றால் இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல், அடிக்கடி சோதித்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். "எது எண்டு யோசிச்சி அடுத்த கிளினிக்கில சொல்லுங்க" என்றார். மற்ற நோய் வருத்தங்களுக்கெல்லாம் டொக்டர் சொல்வார், நாம் தலையாட்டுவோம். இதற்கு மட்டும் ஏன் மச்சான் நம்மைக் கேட்கிறார்கள்? எனக்குப் பயமாக இருந்தது. செய்தியைக் கேட்டு வெளியே வந்ததும் உனக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருந்து மெல்லக் கதைத்தே பழகியவன் நான். நீயோ துறைக்கும் தெருவுக்கும் கூவிப் பழகியவன். உனக்குத் துணையாக நான் கிளினிக்குக்கு வந்த அந்தக் காலையை எப்படி மறப்பேன்? டொக்டர் குரலைத் தாழ்த்தி, ஒப்பரேசனுக்குப் பிறகு சில பேருக்குக் கொஞ்சக் காலம் சிறுநீர் கட்டுப்படாது, சலம் சொட்டும் என்றார். நீ சந்தைக் குரலில் கேட்டாய்: "அது கிடக்கட்டும் டொக்டர், மற்ற விசயம் எப்பிடி? பக்கத்தில பெண்சாதி படுக்கிறா, அவவுக்கும் நான் பதில் சொல்லணுமே!" கதவுக்கு வெளியே இருந்த வரிசை முழுக்க அமைதியாகிவிட்டது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது ஏறாவூரிலிருந்து வந்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் ஒவ்வொரு முறையும் கேக்க நெனச்சிக் கேக்காமப் போன கேள்வி இது. பதிலக் கொஞ்சம் சொல்லுங்களன்" என்றார். நீ அவரை வாங்குப் பலகையில் இருத்தி, டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாய். வெட்கம் என்பது உனக்கு இல்லாமல் இல்லை. உன் காது சிவந்திருந்ததை நான் கண்டேன். சிவந்த காதோடுதான் நீ கேட்டாய், அதனால்தான் உன்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

அதற்கு முதல் நாள்தான் யோகம் களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் உனக்காகப் பூக்கட்டிப் பார்த்திருந்தாள். ஒப்பரேசனுக்குச் சிவப்புப் பூ, கரண்டுக்கு வெள்ளைப் பூ. கண்ணை மூடி எடுத்தாள், சிவப்பு வந்தது. ஆனால் நீ டொக்டரிடம், "என்ட நெஞ்சில பழைய வருத்தம் இரிக்கி, அதையும் சேத்துப் பாத்துச் சொல்லுங்க" என்று எல்லாவற்றையும் திறந்து சொன்னாய். இரண்டிலும் கிடைக்கும் நன்மை ஏறத்தாழ ஒன்றுதான், உங்கள் நெஞ்சுக்குக் கரண்ட்தான் தோது என்றார் அவர். நீ வெள்ளைப் பூவின் பக்கம் போய்விட்டாய்.

போனது மட்டுமா? நேராகக் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "நீங்க சொன்னத நான் கேக்கல்ல. என்ட நெஞ்சு வருத்தத்த இவள் உங்களிட்டச் சொல்லல்ல. கோவிக்காதீங்க" என்று சொல்லி மோதகம் படைத்தாய். பிள்ளையார் கோவித்தாரோ தெரியாது, யோகம் கோவித்துக்கொண்டாள்.

பிறகு அந்த பஸ் பயணங்கள். கரண்ட் பிடிக்கும்போது சலப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே குடித்தால் வழியில் வில்லங்கம், ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடித்தால் நேரம் காணாது. கடைசியில் கணக்கை நீயே பிடித்துவிட்டாய். பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியதும் போத்தலைத் திறப்பாய், கீழே வாவியில் தோணிகளைப் பார்த்துக்கொண்டு மடக் மடக்கென்று குடிப்பாய். மெசினுக்கு முன்னால் உள்ள வாங்கில் உன்னைப் போலவே நிரம்பிய ஆண்கள், தொடையை இறுக்கிக்கொண்டு வரிசையாக இருப்பார்கள். நீ அவர்களுக்கு மீன் வாங்க வரும் பெண்களின் பேரத்தை நடித்துக் காட்டுவாய். "அண்ணே, கும்பிட்டுக் கேக்கிறன், சிரிக்க வெக்காதீங்க, எல்லாம் போயிரும்!" என்று ஒருவர் கத்தினார். உயிர்ப் பயத்தோடு வந்தவர்கள் அந்த வாங்கில் வேறு பயத்தோடு சிரித்தார்கள்.

சிகிச்சை முடிந்து நீ பழையபடி மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, வருடக் கணக்கில் மீன் விற்றாய். பிறகு ஒரு காலை, துறையில் இறால் நிறுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாய். அவ்வளவுதான்.

இப்போது உன் தங்கச்சிக்கு வருகிறேன். போன கிழமை அவள் எனக்காகப் பூக் கட்டினாள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. மூன்றாவது வழிக்கு எங்கே பூ என்று கேட்டேன். "பாத்துக்கொண்டிரிக்கிறது ஒரு வைத்தியமா? அது கைவிட்ட ஆக்களுக்குச் சொல்லுற கத" என்றாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கத்தாரிலிருந்து மகனும், "வெட்டி எறிங்க அப்பா, யோசிக்காதீங்க" என்று போனில் சொல்லிவிட்டான்.

"முதல்ல டொக்டரிட்டக் கேப்பம், மறுகா பூ எடுப்பம்" என்றேன். யோகம் பூப்பொட்டலங்களைக் கையில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணனும் இப்பிடித்தான் சொன்னார். பிள்ளையார்ட சொல்லத் தட்டினார். இப்ப எங்க என்ட அண்ணன்?"

இத்தனை காலமாக அவள் அதை மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும் மச்சான். உனக்குத் தெரியுமா? உன் சாவைப் பூவோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்திருக்கிறாள். "அதையும் டொக்டரிட்டயே கேப்பம், நீயும் வா" என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். டொக்டருக்கு முன்னால் நான் தொண்டையைச் செருமினேன். உடனே பக்கத்திலிருந்து உன் குரல் கேட்டது. சத்தியமாக உன் குரல். "டொக்டர், இவருக்குக் கேக்க வெக்கம், நான் கேக்கிறன். ஒப்பரேசன் செஞ்சா சலம் சொட்டுமா? புரிசன் பெண்சாதி விசயம் என்னாகும்? கரண்ட் பிடிச்சா மலம் போற பக்கம் கரச்சல் வருமா? சும்மா பாத்துக்கொண்டிருந்தா இவர் செத்திருவாரா?" வெளியே வரிசை அமைதியானது. நான் இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் காதும் சிவந்திருந்தது.

டொக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒப்பரேசன், கரண்ட் இரண்டிலும் அந்தக் கரைச்சல்கள் வரலாம், எல்லோருக்கும் வரும் என்றில்லை என்றார். கவனித்துக்கொண்டிருப்பது கைவிடுவது அல்ல, தவறாமல் இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, தேவையென்றால் திரும்பவும் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அசைவு தெரிந்தால் அப்போது வைத்தியத்தில் இறங்கலாம் என்றார். என்னுடையதைப் போன்ற மெல்ல வளரும் வகைக்கு அதுவும் நல்ல வழிதானாம். ஆனால் சோதனைக்கு வராமல் விடுகிறவனுக்கு அது ஆபத்து என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

யோகம் எழும்பவில்லை. "இன்னொண்டு டொக்டர். என்ட அண்ணன் பூ சொன்னதக் கேக்காமக் கரண்ட் பிடிச்சவர். அதாலயா அவர்ர நெஞ்சு நிண்டது?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "உங்கட அண்ணன் ஆரு? மீன்காரரா? வாங்கில ஆக்களச் சிரிக்க வெச்சவரா?" என்றார். பிறகு சொன்னார்: "இல்லம்மா. அது முதலே இருந்த நெஞ்சு வருத்தம். அந்த நெஞ்சுக்கு ஒப்பரேசன்தான் கூட ஆபத்து. அவர் கேட்டு, யோசிச்சி, சரியாத்தான் முடிவெடுத்தார்."

யோகம் அங்கேயே முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதாள். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. அழுது முடிந்ததும் என்னிடம், "நீங்க சொல்லுங்க, என்ன செய்வம்?" என்றார். "பாத்துக்கொண்டிருப்பம் டொக்டர்" என்றேன். வெளியே வரிசைக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னேன்.

திரும்பும்போது களுதாவளையில் இறங்கினோம். யோகம் புதிதாகச் சிவப்பும் வெள்ளையும் வாங்கினாள். பொட்டலம் கட்டாமல் இரண்டையும் அப்படியே வைத்து, பக்கத்தில் மூன்றாவது வழிக்காகக் கொஞ்சம் அறுகம்புல்லும் வைத்தாள். "அண்ணன் அண்டைக்கு 'கோவிக்காதீங்க' எண்டு சொன்னதச் சரியெண்டு எடுத்துக்கொள்ளுங்க" என்று பிள்ளையாரிடம் உனக்காகப் பேசினாள். மகன் திரும்பவும் போனில் வெட்டச் சொன்னபோது, "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துறதா மனே?" என்று அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை படலைக்கு ஓடிவந்தது.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. விடிந்து நான் எழும்பும்போது அது எனக்கு முதலே எழும்பியிருக்கிறது. ஆனால் அதோடு தேத்தண்ணி குடிக்கப் பழகிக்கொண்டு வருகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு சோதனையையும் தவறவிட மாட்டேன். கேட்க வேண்டியதை மெல்லக் கேட்க மாட்டேன். ஒருநாள் டொக்டர் "பாத்துக்கொண்டிருந்தது இனிக் காணும், கரண்ட் பிடிப்பம்" என்று சொன்னால், யோகத்தோடு பஸ் ஏறுவேன். கல்லடிப் பாலம் வந்ததும் போத்தலைத் திறப்பேன். அந்த வாங்கில் போய் இருந்து, பக்கத்தில் தொடையை இறுக்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கு உன் கதையைச் சொல்வேன்.

உன் தங்கச்சியின் கையைப் பிடித்தவன்,
என்றைக்கும் உன் மச்சான்.