முதல் ஓலை வாசிக்கட்டும்

செல்லக்கனி,

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறேன். சாவி அரிசிப் பானைக்குப் பின்னால். பாஸ்டர் வந்தால், நம் மகள் ரத்தினத்துக்கும் பால்கோவாக் கடை தவசிமுத்துவுக்கும் இந்த ஞாயிறே கோயிலில் சபையார் முன் முதல் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்.

இத்தனை நாளும் ஜெபத்தில் "உம்முடைய சித்தம்" என்று தொடங்கி, "மில் சூப்பர்வைசர் மாப்பிள்ளையே வேண்டும்" என்று முடித்தேன். "கர்த்தருக்கே ஆர்டர் போடுதியளோ?" என்று நேற்று நீ சிரித்ததும் கோபித்துக்கொண்டேன். இன்று காலை "உம்முடைய சித்தம்" என்றதோடு ஆமென் சொல்லிவிட்டேன். மனசு பூவாக இருக்கிறது.

தவசிமுத்து வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். நானே நேரில் போய்ச் சம்மதம் சொல்வதுதான் நம் குடும்பத்துக்கு மரியாதை. பட்டு வேட்டி கட்டியிருக்கிறேன்.

மீன் குழம்பை மூடி வை, பூனை வருகிறது.

ரத்தினத்திடம் மூச்சு விடாதே. அவள் முகம் மலர்வதை நான்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைக் கர்த்தர் எனக்கு விட்டுக்கொடுப்பார்.

ஐயாதுரை