சம்பந்தி சிரித்த பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துணிகளை வரைந்தேன். மகனின் வெள்ளைச் சட்டைக்கு வண்ணமே தொடவில்லை. சுற்றிலும் வானத்தைப் பூசிவிட்டு, சட்டை இருக்கும் இடத்தை வெறும் தாளாகவே விட்டுவிட்டேன். மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"சட்டையை வரைய மறந்துட்டீங்களே அத்தை."

"வரையாம விட்டேன் பாரு, அதுதான்மா சட்டை."

நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "அட, ஆமா!" என்றாள். எம்.ஏ. படித்தவள். நான் ஐந்தாம் வகுப்பு. சொல்லிக்காட்டவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மகள் வீட்டுக்கு ரயில். ஓடுகிற ரயிலில் எந்த மரமும் நமக்காக நிற்காது. பாதியைக் கண்ணால் பிடித்து, மீதியை மனசால் பூச வேண்டும். டிக்கெட் பரிசோதகர் மீசையைத் தடவிக்கொண்டு, "என்னை வரைவீங்களா பாட்டி?" என்றார். "மீசைக்கு ஒரு ஸ்டேஷன், மூஞ்சிக்கு ஒரு ஸ்டேஷன் ஆகும், பரவாயில்லையா?" என்றேன். மீசை முடிவதற்குள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நோட்டில் இப்போது ஆளில்லாத மீசை ஒன்று இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

பேத்தி தவழ்கிறாள். தூங்கினால்தான் வரையக் கிடைக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

மானம் போயிற்று. இல்லை, போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகளின் மாமியார், என் சம்பந்தியம்மா, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் இன்னும் பிரம்பு இருக்கும். சாயங்காலம் பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பேத்தி ஒரு தும்மல் போட்டாள். போட்டுவிட்டு அந்தத் தும்மலுக்கே பயந்து விழித்தாள். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பு! வாய் முழுக்கத் திறந்து, தோள் குலுங்கி, கண் இரண்டும் காணாமல் போய். சம்பந்தமாகி ஒன்பது வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு. கை பரபரத்தது. நோட்டை எடுத்துவிட்டேன். கண்ணெல்லாம் படத்தில்; தூரிகையை எந்த டம்ளரில் முக்குகிறேன் என்று பார்க்கவில்லை.

பல்செட் நீலமாகிவிட்டது.

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்து ஒரு தரம் சிரித்தார், நோட்டைப் பார்த்து இன்னொரு தரம். அந்த இரண்டாவது சிரிப்புதான் வினை.

"பொக்கைவாயா வரைஞ்சு என் வீட்லயே என்னை வேடிக்கை காட்டுறீங்களா? அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு மரியாதை இவ்வளவுதான் தெரியும்."

பல்லை நானே சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நீலம் போய்விட்டது. மன்னிப்பும் கேட்டேன், மூன்று தடவை. "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைக் கிழிங்க" என்றார்.

மாட்டேன் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

விஷயம் மகன்வரைக்கும் போய்விட்டது. போனில் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தாள்தானேம்மா, கிழிச்சுக் குடுத்துட்டு வாயேன்."

"தைச்ச நோட்டுடா இது. ஒண்ணைக் கிழிச்சா அந்தப் பக்கத்து ஜோடித் தாளும் கழண்டுடும். அதுல நீதான் இருக்க. பனியனோட, வாயைத் திறந்து தூங்கிக்கிட்டு."

"அப்போ ரெண்டையும் கிழி."

பெற்ற பிள்ளை சொல்கிற பேச்சா இது?

மார்ச் 14, சனி

ஒரு வாரம் இருக்க வந்தவள், இன்றைக்கே கிளம்பிவிட்டேன். மகள் ஸ்டேஷன் வரை வந்தாள். "இனிமே வரும்போது அந்த நோட்டு மட்டும் வேணாம்மா. நான் அந்த வீட்ல இருக்கணும்ல?" கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது: "நோட்டு வராத வீட்டுக்கு நானும் வரலடி."

ஏப்ரல் 2, வியாழன்

பேத்தி பிடிக்காமல் நின்றாளாம். நாலு நொடி. போனில் காட்டினார்கள், காட்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

இது வீம்பா? எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். கேலிக்கு வரைந்திருந்தால் யாரும் சொல்லாமல் நானே கிழித்துப் போட்டிருப்பேன். பார்த்த கண்ணுக்கு அழகாக இருந்தது, வரைந்தேன். இதில் மரியாதை எங்கே கெட்டது?

அறுபத்தெட்டு வருஷம் இந்தக் கை செய்ததில் எது மிஞ்சியது? சமைத்தது தின்று தீர்ந்தது. துவைத்தது மறுநாளே அழுக்கானது. பெருக்கின இடத்தில் திரும்பவும் குப்பை. செய்தது செய்தபடி இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான். அதிலும் ஒருத்தர் சொல்லி நான் கிழிக்கவா? என்னால முடியாதுப்பா. பேத்தி முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இருந்தாலும் முடியாது.

மே 9, சனி

சம்பந்தியம்மாவிடமிருந்து கடிதம். போன் இருக்கிற காலத்தில் கடிதம்! குண்டு குண்டான எழுத்து. "அன்று நான் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. படம் மங்கலாகத்தான் தெரிந்தது. என் மகன் சிரித்ததை வைத்துக் கேலிப்படம் என்று முடிவு செய்தேன். விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போட்டது பிழை. நோட்டுடன் வரவும்."

மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. இரண்டு தடவை தேடிவிட்டேன். மருமகளிடம் காட்டினேன். "இதுக்கு மேல எழுதினா அவங்களுக்குக் கை சுளுக்கிக்கும் அத்தை. கிளம்புங்க" என்று சிரிக்கிறாள்.

கடைக்குப் போய் வண்ணத் தண்ணீருக்கென்று மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கி வந்தேன். செய்த தப்பைத் திருத்திக்கொள்வேன். செய்யாத தப்புக்குத் தலை குனிய மாட்டேன்.

மே 24, ஞாயிறு

மகள் வீடு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நோட்டு எங்க?" என்றார் சம்பந்தியம்மா. வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் சமையலறையில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். நான் பேத்தியை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"காது கொஞ்சம் பெரிசா இருக்கே சம்பந்தி."

"இருக்கிறதைத்தான் போட்டேன்."

எழுந்து உள்ளே போனார். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பினார். திரும்பி வந்தார். நாற்காலியை வெளிச்சம் பார்த்து நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்க. வெயில் இறங்கிடப் போகுது."