காவல்காரி பயந்த ஒன்பது அத்தியாயங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

மாமு, விடிந்ததிலிருந்து மழை. கொல்லைக் கதவு ஊறிப்போய்ச் சாத்த முடியவில்லை. பால் வரவில்லை. தபால் வந்தது.

ஆள் எதிரில் நீங்க, வாங்க. இந்த நோட்டில் மட்டும் நீ. ஆடியில் செத்துப்போன புருஷனுக்கு மரியாதை எதற்கு.

எடிட்டர் சார் (இனி எ. சார்) அனுப்பிய கட்டு. வாசகர் கடிதங்கள், சணல் போட்டுக் கட்டி. இன்லண்டு, கார்டு, நோட்டிலிருந்து கிழித்த தாள் எல்லாம் கலந்து. தீபாவளிக்கு முந்தின வாரம் உன் 'காவல்காரி' இரண்டாம் பாகம் கடைகளில் தொங்க ஆரம்பித்தது. சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாண்டில் நானே பார்த்தேன், கிளிப் போட்டு, ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில். அட்டையில் கேப்டன் நிரஞ்சனாவுக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்கிறார்கள். உனக்குக் கோபம் வந்திருக்கும்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதிவைக்கிறேன். எழுதினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்குமா பார்க்கலாம்.

சர்க்கரை உன் கண்ணை எடுத்த பிறகு நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இதிலும் பதினேழு அத்தியாயம் அப்படித்தான். பதினெட்டு சொல்வதற்குள் போய்விட்டாய். முடியாத கதையைப் போட முடியாதென்று எ. சார் முன்பே சொல்லியிருந்தார். காரியம் முடிந்து வந்து, "முடிச்சுட்டாராம்மா?" என்று கேட்டார். "முடிச்சுட்டாரு" என்றேன். அவர் போன பிறகு உட்கார்ந்து பதினெட்டு, பத்தொன்பது, இருபது எழுதினேன். எட்டாவது ஃபெயிலான கை. யாருக்கும் தெரியாது. பக்கத்துப் போர்ஷன் சாந்திக்குக்கூட.

முதல் பாகத்தில் நிரஞ்சனா சனி வளையத்தில் ஓர் ஊரையே காப்பாற்றினாள். இதில் நாற்பது பேர் உடைந்த கப்பலில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள். போகப் பயந்து, வழி அடைபட்டிருக்கிறது என்று பொய்ச் செய்தி அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அங்கே நின்றாய் நீ. கதவைத் திறந்து அவளை அனுப்பியது நான். முப்பத்தொன்பது பேர் பிழைத்தார்கள், ஒருவர் இல்லை. பொய் சொன்னதை எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டாள்.

கடிதங்கள்:

திண்டிவனத்துக்காரர்: "முதல் பாகத்தில் புலி. இதில் எலி. ஏன் சார்?"

உத்திரமேரூர், காலேஜ் பெண்: "அவள் பொய் சொன்னதால்தான் எனக்குப் பிடித்தது. நானும் சொல்வேன்."

கல்பாக்கத்து அம்மா ஒருவர், கணவர் அணுமின் நிலையத்தில்: "விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது. என் கணவர் சிரித்தார். ஆனால் பதினைந்தாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்."

கடைசியில் ஒரு கார்டு, சிவப்பு மை: "அய்யா, இந்தப் புத்தகத்தில் இரண்டு ஆள் இருக்கிறார்கள். ஒருவர் அண்ணன். இன்னொருவர் யார்? பதில் வராவிட்டால் நேரில் வருவேன். படாளம் தயாளன், சைக்கிள் கடை."

கார்டைக் கட்டுக்கு அடியில் வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 5, புதன்

தூறல். துணி காயவில்லை.

சாந்தி ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்தாள், ஈரக் காலோடு. அவள் கம்பெனி பஸ் முழுக்க உன் புத்தகம்தானாம். ஒரே பிரதி, சீட்டு சீட்டாகப் போகிறதாம்.

"இன்னாக்கா, அண்ணாத்த இப்டிப் பண்ட்டாரு? பஸ்ல ஒரே பேஜாரு. மறைமலைநகர் வர்றதுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடுச்சி."

"இன்னா சொல்றாங்க?"

"பெயிண்ட் ஷாப்பு முருகன் இன்னான்றான், பொம்பளைய கேப்டனா போட்டா இப்டித்தான் கதவ சாத்திகினு குந்திகினு இருப்பாளுங்கன்றான். நான் வுடுவனா. டேய், வூட்ல பல்லி வுயுந்தாலே லீவு போடற ஆளு நீ, நீ பேசாதன்னேன். டிரைவரு சிரிச்ச சிரிப்புல வண்டி ஆடிப்போச்சி."

"உனக்குப் புடிச்சிதா?"

"நடுவுல புடிக்கலக்கா. பயந்துகினே கீறா. எனக்கு சூப்ரவைசர் பயமே போதும். கடைசில கதவத் தொறந்தா பாரு, அங்கதான் நம்ம அண்ணாத்தயப் பாத்தேன்."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

எதிர் மருந்துக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள், போன். எ. சார்.

"ஞாயித்துக்கிழமை காலைல வரேம்மா. அந்தப் படாளம் ஆளும் கூட வரேன்றார். விட்டா ஆபீஸ் வாசல்லயே உக்காந்துடுவார் போல. அவர் லெட்டரை வாசகர் பக்கத்துல போடறதா வேணாமான்னு முடிவு பண்ணணும். எழுதின நோட்டெல்லாம் எடுத்து வைங்க, ஒரு பார்வை பாத்துடறேன்."

"நோட்டு எதுக்கு சார்?"

"சும்மாம்மா. மூணாம் பாகத்துக்குக் குறிப்பு ஏதாவது வெச்சிருக்காரான்னும் பாக்கலாம்."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேனாம். கடைக்காரர், "இன்னாம்மா, யாருக்கு இன்னா?" என்று கேட்டார். நல்லவர். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

கடல் கொந்தளிப்பு, மகாபலிபுரம் பக்கம் படகு இறக்கவில்லை என்று ரேடியோவில். இங்கே வெறும் காற்று.

விளக்கு வைக்கவில்லை. திரி இல்லை. வாங்க: திரி, கொசுவர்த்தி, மிளகாய்த்தூள், சாருக்குக் கொடுக்க பிஸ்கட்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். படாளத்திலிருந்து சைக்கிளில் யார் வருவார்கள், அது தெரியும். ஆனாலும்.

எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பேன். உன் பேரை நினைத்துத்தான் பயம், மாமு. முப்பத்தோரு புத்தகம் எழுதினவனின் கடைசிப் புத்தகம் போலி, பொண்டாட்டி கிறுக்கினது என்று வாசகர் பக்கத்தில் வந்துவிட்டால்? செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா.

நவம்பர் 8, சனி

வெயில், கண்ணைக் கூசும்படி.

நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்துத்தான், அதனால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இல்லை. நீ சொன்ன அத்தியாயங்களில் பக்கத்துக்குப் பத்து இடம் அடித்திருக்கிறது. "அத அடி. வேணாம், திரும்பப் போடு" என்பாயே. என் மூன்றும் பரீட்சைத் தாள் மாதிரி சுத்தம். குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

பேனாவை எடுத்து என் பக்கங்களில் அங்கங்கே அடித்துவைத்தேன். அடித்துவிட்டுப் பார்த்தால் நல்ல வார்த்தைகளாகப் பார்த்து அடித்திருக்கிறேன். திருட்டுக்கும் ஒரு படிப்பு வேண்டும்.

பிறகு அந்த நோட்டை அரிசி டிரம்மில் போட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். ஒரு நோட்டு மட்டும் இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பதிலும் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். "அவருதான் சார் சொன்னாரு." மூன்றாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வந்தார்கள். போய்விட்டார்கள். அப்படியே எழுதுகிறேன்.

தயாளன் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லி, முப்பது வயது இருக்கும். நகத்தில் கிரீஸ், ஆனால் புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல். வந்ததும் உன் போட்டோவைத்தான் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், வாசலுக்குத் திரும்பப் போய்ச் செருப்பை நேராக வைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்து இன்னும் பயந்தேன். இத்தனை பிரியம் இருப்பவன் விடமாட்டான்.

எ. சார் பிஸ்கட் தொடவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே, "கேளுங்க தயாளன், கேக்கணும்னுதான வந்தீங்க" என்றார்.

தயாளன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பென்சிலால் கோடு கோடாக. "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணன் புக்கு ஒண்ணுகூட வுட்டதில்ல. கடையில பங்ச்சர் ஒட்டிகினே படிப்பேன். அண்ணன் எது, இன்னொருத்தன் எதுன்னு எனக்குத் தெரியும்."

"எது?" என்றேன்.

"ஒம்பதுலருந்து பதினேழு."

புரியவில்லை எனக்கு. திரும்பக் கேட்டேன்.

"ஒம்பதுலருந்து பதினேழுக்கா. அது அண்ணன் இல்ல. வேற எவனோ பூந்துட்டான். அந்தப் பொண்ணு எப்ப பாத்தாலும் நடுங்கிகினு. ரேடியோ போடற பொண்ணு ஒருத்தி வர்றாளே, அவளாண்ட கேப்டன் அஞ்சு தபா என்னாமோ கேக்கறா. அது வாயே தொறக்கல. அண்ணன் ஒரு ஆள அப்டி நிக்க வெப்பாரா? பதினெட்டுல கதவத் தொறந்தா பாருங்க, அப்பதான் அண்ணன் திரும்ப வந்தாரு."

எ. சார் என்னைப் பார்த்தார். "யாரும்மா எழுதினது அந்த நடுப்பகுதி?"

"அவருதான் சார். ஒரு வார்த்தை விடாம அவரு சொன்னது. நான் எழுதினேன்."

கண்ணாடி முன்னால் பழகின பதில். ஆனால் இது உண்மை.

"அவ்ளோதான் தயாளன்" என்றார் சார். நோட்டை மூடிவிட்டார். என் மூன்றும் இருந்த நோட்டைத் திறக்கவே இல்லை. "உடம்பு முடியாதப்ப சொன்னது, தொய்வா இருக்கு. எனக்கும் பட்டுது. மறுபதிப்புல அந்த ஒம்பதையும் ரெண்டா சுருக்கிடலாம்மா. பயம் வேணாம். கேப்டன் கேப்டனா இருக்கட்டும். முடிவு பிரமாதம், அதைத் தொடமாட்டேன்."

தலையாட்டினேன் மாமு. பிழைத்தோம் என்று தலையாட்டினேன்.

தயாளன் செருப்பு மாட்டும்போது, "அண்ணன் எதுக்கும் பயந்த ஆளு இல்லக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது.

நவம்பர் 10, திங்கள்

மழையும் இல்லை வெயிலும் இல்லை. வேலை எதுவும் செய்யவில்லை.

ஒன்பதிலிருந்து பதினேழு படித்தேன். எழுதினவள் நான், ஆனால் இன்றைக்குத்தான் படிக்கிறேன். எழுதும்போது வார்த்தைதான் தெரியும், கதை தெரியாது.

அத். 9. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி, மருந்துச் சீட்டு வரிசை. கிட்னியும் போகிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். மடியில் நோட்டை வைத்து எழுதினேன். கேப்டன் ரேடியோப் பெண்ணைக் கேட்டாள்: "இந்த இஞ்சின் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

நான் சொன்னேன், "உம், அடுத்தது."

அத். 12. மகாபலிபுரம். கடல் சத்தம் கேட்க வேண்டும் என்றாய், பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். படகுகளுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தோம். காற்றில் தாள் பறந்தது, செருப்பை எடுத்து மேலே வைத்தேன். "நான் தூங்கிவிட்டால் நீ விழித்திருப்பாயா?"

"உம், அடுத்தது."

அத். 14: "எனக்கு முன்னால் போனவர்கள் யாராவது திரும்ப வந்து சொன்னார்களா, அங்கே என்ன என்று?" எந்த நாள் என்று நினைவில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டே எழுதியிருக்கிறேன், தாளில் பச்சைக் கறை.

அத். 15, கட்டிலில்: "இருட்டாக இருக்கிறது. நீ பக்கத்தில்தான் இருக்கிறாயா?" விண்வெளி இருட்டுத்தானே, சரியாகத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

அத். 17: "நான் பயந்தவள் என்று தெரிந்தால் என்னை விட்டுவிடுவாயா?" பிறகு கதவைச் சாத்தினாள்.

ஐந்து தடவையும் நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். அடுத்த வரியை யோசிக்கிறாய் என்று நான் பேனாவை உதறிக்கொண்டிருந்தேன்.

சாந்தி கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

திரும்ப மழை.

காலையில் எ. சாருக்கு இன்லண்டு எழுதினேன். நான்கு தடவை ஆரம்பித்து ஐந்தாவதுதான் வந்தது. இங்கே நகல் வைக்கிறேன்:

"சார் வணக்கம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது நான் எழுதியது. உங்களிடம் பொய் சொன்னேன். அவற்றில் உள்ள அடித்தல் திருத்தல் எல்லாம் நான் வேண்டுமென்று போட்டது, நோட்டைப் பார்த்தால் தெரியும். ஒன்பது முதல் பதினேழு அவர் சொன்னது. அதில் கேப்டன் பயப்படவில்லை, அவர்தான் பயப்பட்டார். சுருக்க வேண்டுமானால் என்னுடையதைச் சுருக்குங்கள். அவருடையதில் ஒரு வரி எடுக்க வேண்டாம். தயாளனிடமும் சொல்லுங்கள். அவர் திட்டினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்."

ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன். போட்டால் உன் பேரும் என் பேரும் சந்திக்கு வரும். போடாவிட்டால் நீ பயந்ததே இல்லை என்று ஆகிவிடும். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் போய்ப் போட்டேன். தபால் பெட்டியின் அடியில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்ப எடுக்க முடியுமா என்று உடனே கையை விட்டுப் பார்த்தேன், விரல்தான் போகிறது.

வந்ததிலிருந்து உடம்பு உதறுகிறது. ஈரம்தான் காரணம் என்று தலை துவட்டினேன், நிற்கவில்லை. நாளைக்குப் போய்ச் சேரும். நாளை மறுநாள் மருந்துக்கடையில் போன் அடிக்கும்.

அதை விடு. பஸ்ஸில் இரண்டு கட்சி, படாளத்தில் ஒரு கட்சி. எல்லாரும் நிரஞ்சனாவைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் மட்டும்தான் சொல்லவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கிறது மாமு, பயந்தவளைத்தான்.

அந்த ஐந்து தடவையும் பேசாமல் இருந்தாயே, நான் பதில் சொல்வேன் என்றா காத்திருந்தாய்?